நட்பா, ஊழியமா? கல்லூரி வாசலில் நிற்கும் கேள்வி

செப்டம்பர் 8. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போதும், வழி கேட்கவே வேண்டாம். கூட்டமே தள்ளிக்கொண்டுபோய் மரியன்னை பேராலயத்து வாசலில் விட்டுவிடும். காவி உடுத்திய பெண்கள், தோளில் பிள்ளையைத் தூக்கிய அப்பாக்கள், கட்டுக்கட்டாக மெழுகுவத்தி, சாமந்தி மாலை, பொரி, பலூன். ஆகஸ்ட் 29-ல் கொடியேறிய திருவிழா தேரோடு முடியும் நாள். சேலை கட்டிய மாதாவைப் பார்க்க நிற்கும் வரிசையில் திருநீறு பூசிய நெற்றியும் உண்டு, புர்காவும் உண்டு. யாரும் யாரையும் ‘நீ எந்த மதம்?’ என்று கேட்பதில்லை.

கேட்பவர்கள் கொஞ்சம் தள்ளி, ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்து டீக்கடைகளில் நிற்பார்கள். முதுகில் பை, கையில் அரை கிளாஸ் டீ, கல்லூரிப் பிள்ளைகள். ஒருவன் கழுத்தில் சிலுவை தொங்கும். இன்னொருவன் கூட்டம் பார்க்கவும் பிரியாணி சாப்பிடவும் வந்தவன். “மச்சா, உண்மையச் சொல்லு. இதையெல்லாம் நீ நெஜமாவே நம்புறியா?” பெங்களூரின் எந்தக் கல்லூரி கேன்டீனிலும் காதில் விழக்கூடிய கேள்விதான். கேட்பவனுக்குக் கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. சிலுவை போட்டவன் சிரித்து மழுப்பலாம், சண்டைக்குப் போகலாம், உட்கார்ந்து பதில் சொல்லலாம். பதில் சொல்லத் தொடங்கினால் அது நட்பா, ஊழியமா? கர்நாடகத்தில் 2022-ல் மதமாற்றத் தடைச் சட்டம் வந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: குற்றமா?

முதல் பாதிரியார் கைவிட்ட வேலை

இந்தப் பேராலயத்தின் கதையிலேயே இந்தக் கேள்வி புதைந்து கிடக்கிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் இங்கே காணிக்கை மாதாவுக்கு ஓலைக்கூரை போட்டு வழிபட்டதாகச் சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சிறிய ஆலயம் எழுப்பியவர் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. இன்று நாம் பார்க்கும் கோதிக் கோபுரம் 1882-ல் அர்ச்சிக்கப்பட்டது. பசிலிக்கா அந்தஸ்து 1973-ல் கிடைத்தது.

துபுவா 1792-ல் இந்தியா வந்தவர். ஊர்க்காரர்களைப் போலவே உடுத்தி, அவர்களைப் போலவே சாப்பிட்டு, மைசூர் சீமையில் ‘தொட்டசாமி’ என்று பேர் வாங்கியவர். முப்பது வருஷம் கழித்து, 1823-ல், ஊர் திரும்பினார். அதே வருஷம் லண்டனில் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. இந்துக்களைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவருவது நடக்காத காரியம் என்பதுதான் அதன் சாரம். ஆயுளைக் கொட்டிய வேலையைப் பற்றி அந்த மனிதரே எழுதிய தோல்விக் கணக்கு அது. இருபத்தைந்து வருஷத்தில் இருநூறிலிருந்து முந்நூறு பேரைத்தான் சேர்க்க முடிந்தது என்கிறார். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு பறையர்களும் பிச்சைக்காரர்களும்தான் என்று அலுத்துக்கொள்கிறார்.

அந்த அலுப்பைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் அவர் கணக்கில் மனிதர்களாகவே சேரவில்லை. மேல்சாதி வந்தால்தான் வெற்றி. ஆளை எண்ணிக்கையாகப் பார்க்கத் தொடங்கினால், எந்த எண்ணிக்கை ‘உயர்ந்தது’ என்றும் பார்க்கத் தோன்றிவிடும். இரண்டு நூற்றாண்டு கழித்து, கல்லூரி வளாகங்களில் நம்பிக்கையைப் பகிர நினைப்பவர்கள் துபுவாவிடம் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

யார் இந்த ‘ஒன்றுமில்லாதவர்கள்’?

காகிதத்தில் பார்த்தால் மதமில்லாத மாணவன் இந்தியாவில் அரிது. பள்ளிச் சான்றிதழிலிருந்து கல்லூரி விண்ணப்பம் வரை பெரும்பாலானவற்றில் மதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும், அதில் அப்பா ஏதோ ஒன்றை நிரப்பியிருப்பார். நேரில் பழகினால் வேறு கதை.

பெரியாரை வீட்டிலேயே படித்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை ஒரு ரகம். கடவுள் இல்லை என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. சர்ச்சிலும் சாதி இருக்கிறதே என்பதுதான் அவனுடைய முதல் கேள்வி. இன்னொரு ரகத்துக்கு இதில் எல்லாம் அக்கறையே இல்லை. தீபாவளிக்கு இனிப்பு, கிறிஸ்துமஸுக்குக் கேக், பரீட்சைக்கு முன்னால் பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம், அவ்வளவுதான். மூன்றாவது ரகத்தைப் பற்றிப் போதகர்கள் மேடையில் பேசுவதே இல்லை: ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்புவித்துப் பரிசு வாங்கி, உறுதிபூசுதல்வரை வந்து, ஊரை விட்டு பெங்களூர் ஹாஸ்டலுக்கு வந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிட்ட கிறிஸ்தவப் பிள்ளைகள். வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால் “பூசைக்குப் போயிட்டு வந்தேம்மா” என்பார்கள். இவர்களிடம் கைப்பிரதி நீட்டினால், அதில் அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பெங்களூருக்குக் கேள்வி கேட்பது புதிதும் அல்ல. பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச்.நரசிம்மையா 1976-ல் அற்புதங்களை ஆராய ஒரு குழுவே அமைத்தார். சத்ய சாய்பாபாவுக்குக் கடிதமெழுதி, ஆய்வுக்கு ஒத்துழைக்கச் சொன்னார். பதில் வரவில்லை. ஆனால், எதையும் கேள்வி கேள் என்ற பழக்கத்தை ஒரு தலைமுறைக்கு அவர் விட்டுப்போனார். அந்த ஊர்ப் பிள்ளையிடம் ‘நம்பு, கேள்வி கேட்காதே’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பெட்டிச் செய்தி: எண்ணிக்கை சொல்வது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களை நாத்திகர் என்றே பதிவு செய்தவர்கள் நாடு முழுக்கச் சுமார் 33,000 பேர். மதத்தைக் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம்.

அதே கணக்கில் கிறிஸ்தவர்கள்: இந்தியாவில் 2.3 சதவிகிதம், கர்நாடகத்தில் 1.87, தமிழ்நாட்டில் 6.12.

பியூ ஆய்வு மையம் 2019–20-ல் சுமார் 30,000 பேரிடம் நடத்தி, 2021-ல் வெளியிட்ட ஆய்வு: கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் 97 சதவிகிதம். இந்துவாக வளர்ந்து இப்போது கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 0.4 சதவிகிதம்.

கைப்பிரதி தோற்கும் இடம்

இந்தியக் கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவர் இயக்கங்களுக்கு நூறு வயதுக்கு மேல். இந்திய மாணவர் கிறிஸ்தவ இயக்கம் 1912-ல் தொடங்கியது. அதன் தலைமையகம் பெங்களூரில்தான் இருக்கிறது. கத்தோலிக்க மாணவர்களுக்கான ‘அய்க்கஃப்’ 1924-ல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பிறந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ‘ஈ.யூ.’ என்று சுருக்கிக் கூப்பிடும் சுவிசேஷ மாணவர் ஐக்கியத்தின் தாய் அமைப்பு 1954-ல் உருவானது. அமெரிக்காவில் பில் பிரைட் 1951-ல் ஆரம்பித்த ‘கேம்பஸ் குருசேட்’ 1968-ல் இந்தியாவுக்கு வந்து பெங்களூரில் தலைமையகம் போட்டது.

பில் பிரைட் எழுதிய ‘நான்கு ஆவிக்குரிய விதிகள்’ என்ற குட்டிப் புத்தகத்தைப் பார்க்காத கிறிஸ்தவ மாணவர் குறைவு. முதல் விதி, கடவுள் உன்னை நேசிக்கிறார் என்று தொடங்கும். கடவுளே இல்லை என்பவனிடம் அந்த முதல் வரியே நிற்காது. ‘யார் நேசிக்கிறது?’ என்று அவன் கேட்டால், மீதி மூன்று விதிகளுக்கும் வேலை இல்லை. கடவுள் உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லாத ஊருக்கு எழுதப்பட்ட புத்தகம் அது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அதையே அறுபது வருஷம் கழித்துக் கேன்டீன் மேஜையில் நீட்டுபவரைத்தான் சொல்ல வேண்டும்.

இதைப் புரிந்துகொண்டவர்கள் வேறு வழி பிடித்தார்கள். லண்டன் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977-ல் ஆரம்பித்த ‘ஆல்ஃபா’ வகுப்புகள் அதில் ஒன்று. முதலில் சாப்பாடு, பிறகு ஒரு சிறு உரை, அதன்பின் கூடியிருப்பவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், எதுவும் தப்பான கேள்வி இல்லை. நல்ல முறைதான். ஆனால், இதிலும் ஒரு முள் உண்டு.

ஹாஸ்டல் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். புது ஊர், புரியாத கன்னடம், முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். சீனியர் ஒருத்தர் அன்பாகப் பழகுகிறார். நோட்ஸ் தருகிறார், காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கி வருகிறார், ‘பர்த்டே பார்ட்டி’ என்று சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போகிறார். கேக் வெட்டி முடித்ததும் கிதார் வருகிறது, பாட்டு வருகிறது, கண்ணை மூடி ஜெபம் வருகிறது. பையனுக்குக் கோபம் வருவது ஜெபத்தினால் அல்ல. முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை அவனே வந்திருப்பான். மாத்திரை வாங்கித் தந்தது எந்தக் கணக்கில் என்ற சந்தேகம் அன்று ராத்திரி வந்துவிடும். இனி அந்த சீனியர் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாலும் அதில் சர்க்கரை தெரியாது.

அழைப்பிலேயே ‘இது எங்கள் ஜெபக்கூட்டம், பாட்டு இருக்கும், வேதபாடம் இருக்கும், விருப்பமிருந்தால் வா’ என்று சொல்வதற்கு என்ன தடை? சொன்னால் வரமாட்டார்கள் என்பதா? வராமல் இருப்பது அவர்கள் உரிமை. அந்த உரிமையை மறைத்து வைத்துப் பழகுவதற்குப் பெயர் சாட்சி அல்ல.

தர்க்கத்தை நம்பியவர்களுக்கு வேறொரு அடி விழுந்தது. சென்னையில் 1946-ல் பிறந்த ரவி சக்கரியாஸ் உலகப் பல்கலைக்கழக மேடைகளில் நாத்திக மாணவர்களின் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லிப் பேர் பெற்றவர். நம்மூர் வாலிபர் கூட்டங்களில் அவருடைய வீடியோக்களைப் போட்டுத்தான் ‘இப்படிப் பதில் சொல்லணும்’ என்று பயிற்சி கொடுத்தார்கள். 2020 மே மாதம் காலமானார். 2021 பிப்ரவரியில், அவருடைய அமைப்பே நியமித்த சட்ட நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வந்தது. பெண்களிடம் அவர் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதை அது உறுதி செய்தது. எத்தனை கச்சிதமான வாதம் வைத்திருந்தாலும், ‘அந்த ஆளோட வீடியோதானே?’ என்று ஒரு மாணவி கேட்டால் அன்றைய கூட்டம் கலைந்துவிடும். அவள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு மழுப்பாமல் ‘ஆமாம், நடந்தது. எங்களுக்கு வெட்கம்’ என்று சொன்ன குழுக்கள்தான் மறுபடியும் பேசத் தகுதி பெற்றன.

இதே நேர்மை சாதிக் கேள்விக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் உண்டு. பெங்களூர் ஆலயங்களில் கன்னடமா, தமிழா என்று பூசை மொழிக்காக ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதும் ஊரறிந்த கதை. “கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று” என்று சொல்பவரிடம், “அப்புறம் ஏன் மேட்ரிமோனி விளம்பரத்தில் சாதி போடுறீங்க?” என்று கேட்கும் பிள்ளைக்கு வசனம் பதிலாகாது.

மில்லர்ஸ் ரோட்டுத் தமிழர்

இதற்கெல்லாம் முன்மாதிரியே இல்லையா என்றால், சிவாஜிநகரிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரத்திலேயே இருக்கிறது. மில்லர்ஸ் ரோட்டில் ஐக்கிய இறையியல் கல்லூரி. அங்கே பேராசிரியராக இருந்தவர் பி.டி.தேவநந்தன். 1901-ல் சென்னையில் பிறந்த தமிழர். 1957-ல் பெங்களூரில் மதம், சமுதாயம் பற்றிய கிறிஸ்தவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, 1962-ல் இறக்கும்வரை அதன் இயக்குநராக இருந்தார். மற்ற மதத்தவரையும் மதச்சார்பற்ற சிந்தனையாளர்களையும் ஒரே மேஜைக்கு அழைத்து, புதிய இந்தியாவை எப்படிக் கட்டுவது என்று பேசவைத்தார். தன் நம்பிக்கையை அவர் ஒளிக்கவில்லை. எதிரில் இருப்பவரின் பேச்சில் கடவுள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்று நம்பியதால், அவருக்குக் கேட்கும் பொறுமை இருந்தது.

அவருக்கு முன்பே, 1907-ல் இந்தியா வந்த அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி ஸ்டான்லி ஜோன்ஸ் ‘வட்டமேசை’ நடத்தினார். படித்த இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், கடவுள் பற்றித் தீர்மானமில்லாதவர்கள் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். விதி கறாரானது: யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது, யாரும் வாதாடக்கூடாது. உன் நம்பிக்கை உன் வாழ்க்கையில் என்ன செய்தது என்று மட்டும் சொல். அது ஒன்றும் செய்யவில்லையென்றால் அதையும் சொல்.

இதை இன்றைக்கு ஹாஸ்டல் அறையில் செய்து பாருங்கள். பத்து நிமிஷம் தாங்காது நம்மில் பலருக்கு. ‘பைபிள் என்ன சொல்லுதுன்னா...’ என்று நாக்கு நுனிக்கு வந்துவிடும். சொந்தக் கதையைச் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஜெபித்தும் அப்பா பிழைக்கவில்லை, ஆனாலும் ஏன் இன்னும் ஜெபிக்கிறேன் என்று ஒரு பெண் சொன்னால், எதிரில் இருக்கும் நாத்திகத் தோழி அதை மறுத்துப் பேசமாட்டாள். ஏற்றுக்கொள்ளவும் மாட்டாள். ஆனால், கேட்பாள். பிறகு தன் கதையைச் சொல்வாள். அப்போது கேட்க வேண்டியது இந்தப் பெண்ணின் முறை.

பெட்டிச் செய்தி: சட்டம் சொல்வது

அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது தன் மதக் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் உரிமையே, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசே விலக்கிக்கொண்டது.

கர்நாடக மதச் சுதந்திர உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2022: சட்டவிரோத மதமாற்றம் செய்பவருக்குப் பொதுவாக 3 முதல் 5 ஆண்டு சிறை. மாறியவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர், பெண், பட்டியல் சாதி, பழங்குடியினர் என்றால் 3 முதல் 10 ஆண்டு. ஜாமீனில் வர முடியாத குற்றம். குற்றமில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

2023 ஜூன் 15-ல் சித்தராமையா அமைச்சரவை இதை ரத்து செய்ய முடிவெடுத்தது. ஒரு சட்டம் ரத்தாக அமைச்சரவை முடிவு போதாது, சட்டமன்றம் நிறைவேற்ற வேண்டும்.

டீக்கடைப் பேச்சின் விலை

கர்நாடகச் சட்டத்தில் ‘ஆசை காட்டுதல்’ என்பதற்கான விளக்கத்தைப் படித்தால் தலை சுற்றும். பணம், வேலை, இலவசப் படிப்பு, திருமண வாக்குறுதி எல்லாம் அதில் இருப்பது புரிகிறது. ‘தெய்வக் கோபம்’ வரும் என்று சொல்வதும் அதில் சேரும். ஒரு மதத்தை இன்னொன்றுக்கு எதிராக உயர்த்திப் பேசுவதும் சேரும். என் நம்பிக்கை எனக்கு ஏன் பிடிக்கிறது என்று சொல்லத் தொடங்கும் எவரும் எந்த இடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டினார் என்று யார் அளப்பது? புகார் கொடுக்க மாறியவரே வர வேண்டும் என்பதும் இல்லை. பெற்றோர், உறவினர், உடன் இருப்பவர், உடன் பணிபுரிபவர்வரை கொடுக்கலாம். பி.யூ. முதலாண்டு மாணவனுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும், எனவே அவன் கடுமையான தண்டனைப் பட்டியலில் வருகிறான். அதே பட்டியலில் இருபத்தைந்து வயது ஆராய்ச்சி மாணவியும் வருகிறாள், பெண் என்ற ஒரே காரணத்துக்காக. ‘உனக்கே யோசிக்கத் தெரியாது’ என்று ஒரு சட்டம் அவளிடம் சொல்வதை மதமில்லாதவர்களும் எதிர்த்திருக்க வேண்டும்.

இன்னொரு விலையைப் பற்றி ஊழியக்காரர்கள் வாயே திறப்பதில்லை. 1950-ஆம் ஆண்டு பட்டியல் சாதிகள் ஆணைப்படி, இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே பட்டியல் சாதியாகக் கருதப்படுவர். தலித் மாணவர் ஒருவர் ஞானஸ்நானம் எடுத்தால், பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீடு கைவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுவார். புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில். மதம் மாறியவர்களின் நிலையை ஆராய நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையம் 2022-ல் அமைக்கப்பட்டது. இதையெல்லாம் சொல்லாமல் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரியிடம் ‘இன்றே தீர்மானம் எடு’ என்று கேட்பது நியாயமா? அவன் எடுக்கும் தீர்மானத்தின் பில் அவன் வீட்டுக்குத்தான் போகும், கூட்டம் நடத்தியவருக்கு அல்ல.

கிறிஸ்தவர்கள் மட்டும்தான் அடிபட்டவர்களா என்றால், அதுவும் இல்லை. 2012-ல் மும்பையில் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவையிலிருந்து நீர் சொட்டியதை அற்புதம் என்று மக்கள் கும்பிட்டார்கள். பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்து, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயிலிருந்து ஊறி வரும் தண்ணீர் என்றார். மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கத்தோலிக்க அமைப்புகள் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவில் புகார் கொடுத்தன. அவர் பின்லாந்துக்குப் போனார். கேள்வி கேட்டவன்மீது போலீஸை ஏவிய கையால், ‘எங்கள் பேச்சுரிமையைப் பறிக்கிறார்கள்’ என்று மனு எழுதினால் யார் நம்புவார்கள்?

சிவாஜிநகர் மெட்ரோ நிலையத்துக்கு மரியன்னை பெயர் வைக்கலாம் என்று 2025 திருவிழாவில் சித்தராமையா சொன்னதும், மகாராஷ்டிர முதல்வர் ஃபட்னவிஸ் எதிர்க்க, அது சில நாள் தலைப்புச் செய்தியானது. கட்சிகளுக்குப் பெயர்ப் பலகை போதும். கல்லூரிப் பிள்ளைகள் பேச்சை நிறுத்தப்போவதில்லை.

பெற்றோருக்கு ஒன்று: பிள்ளை நண்பனோடு மதம் பேசினான் என்று தெரிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கோ போதகரிடமோ ஓடாதீர்கள். அவன் என்ன கேட்டான், என்ன சொன்னான் என்று முதலில் அவனிடமே கேளுங்கள். மாணவர் குழு நடத்துபவர்களுக்கு ஒன்று: அழைப்பில் உங்கள் பெயரையும் நோக்கத்தையும் போடுங்கள், ‘வேண்டாம்’ என்றவனோடும் அதே நட்பைத் தொடருங்கள்.

இப்படிக் கணக்குப் பார்க்காத பழக்கத்தின் அனுபவம் வாய்த்தவர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி மாணவர். அந்தக் கல்லூரியை வளர்த்த வில்லியம் மில்லர், தலையெண்ணிக்கை தன் வேலை அல்ல என்று மிஷன் மேலிடத்திடமே வாதாடியவர். 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், மதத்தைப் பரப்பும் உரிமையை நீக்க வேண்டும் என்று பலர் கேட்டபோது, கிருஷ்ணமாச்சாரி எழுந்தார். பதினான்கு வருஷம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தேன், என்னை மாற்ற யாரும் முயலவில்லை என்றார். பிறகு அந்த உரிமை இருக்கட்டும் என்ற பக்கமே பேசினார்.